மருந்துச் சீட்டையும் வவுச்சர் போலப் படிப்போம்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் பேசியது. அன்று வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. பி.காம். படித்துவிட்டு 36 ஆண்டுகள் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த நோய்க்கு எந்த மாத்திரை என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, சொல்லப் போவதும் இல்லை. ஆனால் கூட்டல் கழித்தல் தெரியும். வவுச்சரில் என்ன எழுதியிருக்கிறது, யார் கையெழுத்து, எந்தத் தேதி என்று பார்க்காமல் எதையும் பாஸ் செய்து பழக்கமில்லை. அந்தப் பழக்கத்தை வீட்டு மருந்து விஷயத்தில் மட்டும் நான் காட்டவில்லை. அதனால் என்ன ஆனது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

பத்தொன்பது நாட்கள்

என் மனைவிக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. நம் தெருமுனை டாக்டரிடம்தான் பல ஆண்டுகளாகக் காட்டி வருகிறோம். சென்ற மார்கழியில் கடும் காய்ச்சல் வந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாட்கள் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அதில் இருந்த மருந்துகளை எல்லாம் வாங்கினேன். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளும் வீட்டில் இருந்தன. "எல்லாம் டாக்டர் எழுதியதுதானே" என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன்.

ஒரு நாள் காலை பூஜை அறையிலிருந்து எழுந்தவள், "என்னங்க, தலை சுத்துது" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்துச் சரிந்துவிட்டாள். நல்ல வேளை, தலையில் அடிபடவில்லை. காய்ச்சலில் வந்த பலவீனம் என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அப்படியே ஆனது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் எல்லா மாத்திரை அட்டைகளையும் பரப்பிவைத்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை ஒரு நோட்டில் எழுதினேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தது. தெருமுனை டாக்டர் கொடுத்த மாத்திரையில் டெல்மிசார்ட்டான் 40, அத்தோடு அம்லோடிபின் 5. மருத்துவமனை கொடுத்ததில் டெல்மிசார்ட்டான் 40. கம்பெனி வேறு, அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே இருந்தது ஒரே மருந்து. பத்தொன்பது நாட்களாக என் கையாலேயே இரட்டிப்பாகக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை கிளினிக் திறக்கும் முன்பே போய் நின்றேன். டாக்டர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். நின்றபோது 96-க்கு 60. உடனே ஒரு மாத்திரையை நிறுத்தினார். ஒரு வாரத்தில் தலைசுற்றல் போய்விட்டது. "ஆஸ்பத்திரிச் சீட்டை என்கிட்ட காட்டியிருக்கலாமே சார்" என்றார். நியாயமான கேள்வி. ஒரே தொகைக்கு இரண்டு வவுச்சர் வந்தால் வங்கியில் நான் பாஸ் செய்திருப்பேனா? இங்கே செய்தேன்.

ஓராண்டு பில்களைக் கூட்டிப் பார்த்தபோது

அந்தப் பயத்தில்தான் பழைய சீட்டுகளையும் பில்களையும் தேடி எடுத்தேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து, நம் தெருமுனை கிளினிக்கில் ஓராண்டில் எழுதப்பட்ட சீட்டுகள் 17. ஒவ்வொன்றாகப் படித்தேன்.

17 சீட்டிலும் கம்பெனிப் பெயர்தான். மருந்தின் மூலப் பெயர் ஒன்றில்கூட இல்லை. வயிற்றுக்கான "கேஸ்" மாத்திரை 15 சீட்டில். சத்து மாத்திரையோ நரம்பு மாத்திரையோ 12 சீட்டில். ஆன்டிபயாட்டிக் 6 சீட்டில், அதில் 4 சாதாரண சளிக்கும் தொண்டை வலிக்கும். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது 8 சீட்டில் மட்டும்.

பிறகு பில்கள். ஓராண்டு மருந்துச் செலவு 38,640 ரூபாய். மாதச் சராசரி 3,220. இதை மூன்று தலைப்பாகப் பிரித்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றுக்கான அவசிய மருந்துகள் மாதம் 1,310 ரூபாய். கேஸ், சத்து, நரம்பு மாத்திரைகள் 1,270 ரூபாய். அவ்வப்போது வரும் காய்ச்சல், சளிக்குச் சராசரியாக 640 ரூபாய்.

இரண்டாவது தலைப்பைப் பாருங்கள். உயிரைக் காக்கும் மருந்துக்கு எவ்வளவு கொடுத்தேனோ, ஏறக்குறைய அவ்வளவு துணை மாத்திரைகளுக்கும் கொடுத்திருக்கிறேன். நம்மில் பலருக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆனால் பெரும்பாலான காப்பீடுகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். மாதாமாதம் வாங்கும் மாத்திரை நம் பையிலிருந்துதான் போகிறது.

ரத்து செய்யப்படாத ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்

கேஸ் மாத்திரை எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு முழங்கால் வலி. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் துணைக்கு பான்டோபிரசோல் எழுதினார். சரியான முடிவுதான். வலி மாத்திரை பத்தே நாளில் நின்றுவிட்டது. துணைக்கு வந்தது நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைப் பார்த்து "அதையே தொடருங்க" என்பார், நானும் தொடர்ந்தேன்.

வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று ஒன்று உண்டு. ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டால், யாராவது ரத்து செய்யும் வரை மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். நம் வீட்டு மாத்திரைகளில் பாதி இப்படித்தான் ஓடுகின்றன.

இது பணத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. இந்த வகை வயிற்று மாத்திரையைத் தேவையில்லாமல் பல ஆண்டுகள் எடுத்தால் உடலில் பி12 வைட்டமினும் மெக்னீசியமும் குறையலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கக் கூடியது. வாரம் ஒன்று என்று தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி சில வாரங்களுக்கு மட்டும் உரியது. அதை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடலாம். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று அர்த்தம்.

எழுதுபவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர், கட்டுபவர் நாம்

விலை ஏன் இப்படி என்று கொஞ்சம் படித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை வைக்கிறது. 2022-இல் திருத்திய பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. மெட்ஃபார்மின், அம்லோடிபின், டெல்மிசார்ட்டான், அடோர்வாஸ்டாடின் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அந்த உச்ச விலை, மருந்தைத் தயாரிக்க என்ன செலவாகிறது என்று பார்த்து வைப்பதல்ல. சந்தையில் ஒரு சதவீதமாவது விற்கும் கம்பெனிகளின் விலைகளைச் சராசரி பார்த்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்து வைப்பது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு இப்படி உச்ச விலையும் கிடையாது. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. சத்து மாத்திரைக் கலவைகள் பலவும் இந்த வகைதான்.

அடுத்தது, கடைக்காரரிடம் "இதே மருந்து, விலை குறைவாக வேறு கம்பெனி கொடுங்கள்" என்று கேட்கிறோம். டாக்டர் சீட்டுக்குரிய மருந்துகளில் எழுதிய பெயரை மாற்றிக் கொடுக்க மருந்து விதிகள் அவரை அனுமதிப்பதில்லை. ஆக, எந்தக் கம்பெனி என்பதை டாக்டரின் பேனாதான் முடிவு செய்கிறது. பணம் கட்டும் நமக்கு அதில் பங்கில்லை.

டாக்டர்கள் மூலப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-இலேயே தன் நடத்தை விதியைத் திருத்தியது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இதை இன்னும் கடுமையாகக் கொண்டுவந்தது. டாக்டர்கள் எதிர்த்ததால் அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. பழைய விதி காகிதத்தில் இருக்கிறது. நம் சீட்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

டாக்டர் தரப்பு

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, கூட்டம் இல்லாத ஒரு மதியம் டாக்டரிடம் கொண்டுபோனேன். சண்டைக்குப் போகவில்லை. "சார், ஐந்து நிமிடம் வேண்டும்" என்றேன். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மாசம் இவ்வளவா ஆகுது?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ரெப் வந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார், விலையைச் சொல்வதில்லை. விலை தெரிந்தவர் கடைக்காரர். வலி தெரிந்தவர் நாம்.

அவரும் தன் பக்கத்தைச் சொன்னார். சாயங்காலம் அறுபது பேர் காத்திருக்கிறார்கள், ஒருவருக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது. மாத்திரை வேண்டாம், வெந்நீர் குடித்து ஓய்வெடுங்கள் என்று சொன்னால், "இதுக்கா ஃபீஸ்?" என்று அடுத்த கிளினிக்குக்குப் போகிறார்கள். "ஊசி போடலையா டாக்டர்?" என்று கேட்கிறவர்கள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். "நரம்புக்கு ஒண்ணு எழுதுங்க" என்று நானே கேட்டிருப்பதை நினைவுபடுத்தினார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஜெனரிக் மருந்தின் தரம் பற்றியும் அவருக்குத் தயக்கம் இருந்தது. அது நியாயமான கவலைதான். ஆனால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் தரக்குறைவுப் பட்டியலில் பெரிய பெயர்களும் வருகின்றன, சிறிய பெயர்களும் வருகின்றன. விலை அதிகம் என்பது மட்டுமே தரத்துக்குச் சான்று ஆகாது. நம் மாநில அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மூலப் பெயரில் டெண்டர் விட்டு, ஆய்வகத்தில் சோதித்த பிறகே மருந்தை விநியோகிக்கிறார்கள். பல மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்கள் முறையை அமைத்துக்கொண்டன. லட்சக்கணக்கானவர்கள் அந்த மாத்திரையில்தான் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் டாக்டர் ஒரு புதிய சீட்டு எழுதினார். எனக்குக் கேஸ் மாத்திரையை உடனே நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தார். மனைவிக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பி12 மட்டும் குறைவாக இருந்ததால் அதை வைத்துக்கொண்டு மற்றச் சத்து மாத்திரைகளை அடித்துவிட்டார். எல்லாவற்றையும் மூலப் பெயரில் எழுதினார். அந்தச் சீட்டோடு மலிவு விலை மருந்தகத்துக்குப் போனேன். அவசிய மருந்துகள் 430 ரூபாய், மற்றவை 180 ரூபாய். முன்பு 2,580 ரூபாய் ஆன இடத்தில் 610 ரூபாய். மாதம் 1,970 மிச்சம், ஆண்டுக்கு 23,640. மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்ததில் இருவருக்கும் சர்க்கரையும் அழுத்தமும் முன்பு இருந்த அளவிலேயே இருக்கின்றன.

சொல்லாமல் விட்ட ஒரு விஷயம்

எனக்கு மிச்சமானது பணம். நம் நகரில் ஒருவருக்குக் காலே போயிருக்கும். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் கிடையாது. ஒரு நாள் மருந்துக்கடையில் அவரைப் பார்த்தேன். அட்டையை வெட்டி ஐந்து மாத்திரை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நான் நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. தினமும் எடுக்க வேண்டிய சர்க்கரை மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சம், டாக்டரிடம் சொல்ல வெட்கம்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. பாதி மாத்திரைதான் சாப்பிடுகிறார் என்று டாக்டருக்குத் தெரியாது. மருந்து போதவில்லை என்று நினைத்து, இன்னொரு விலை கூடிய மாத்திரையைச் சேர்த்தார். செலவு ஏறியது, இவர் இன்னும் குறைத்தார். கால் விரலில் புண் வந்து ஆறாமல் நின்றபோதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. நல்ல வேளை, நேரத்தில் சிகிச்சை கிடைத்து விரல் தப்பியது.

இன்று அவர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, மாத்திரையை இலவசமாகப் பெறுகிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் அதற்குப் போகத் தயங்குகின்றன. நம் வரிப்பணத்தில் நடப்பதுதானே, தயக்கம் எதற்கு?

உங்களில் யாராவது காசுக்காக மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். "இதற்கு மேல் என்னால் முடியாது, குறைந்த விலையில் எழுதுங்கள்" என்பது அவமானம் அல்ல. அதை மறைத்தால் டாக்டரின் கணக்கே தப்பாகிவிடும்.

நாம் செய்யக் கூடியவை

ஒன்று, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போடுங்கள். மருந்தின் மூலப் பெயர், அளவு, வேளை, எதற்காக, எந்தத் தேதியிலிருந்து, எந்த டாக்டர் என்று ஆறு பத்திகள். ஒரு நகல் பர்ஸில், ஒரு நகல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள். அட்டையில் ஒற்றை மருந்து என்றால், மூலப் பெயரைக் கம்பெனிப் பெயரைவிடப் பெரிதாக அச்சிட வேண்டும் என்பது 2018 முதல் விதி. கண்ணாடி போட்டுக்கொண்டால் தெரியும்.

இரண்டு, டாக்டரிடம் நான்கு கேள்விகள். இது எதற்கு? எத்தனை நாள்? ஏற்கெனவே சாப்பிடுவதில் எதை நிறுத்தலாம்? மூலப் பெயரில் எழுதித் தர முடியுமா? மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபிக்க மாட்டார்.

மூன்று, விலையைப் பாருங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008-இலிருந்து இருக்கின்றன. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. விலை ஆணையத்தின் "பார்மா சஹி தாம்" செயலியில் ஒரே மருந்தின் பல கம்பெனி விலைகளைப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

நான்கு, இதுதான் மிக முக்கியம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றாதீர்கள். வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து போன்றவற்றில் கம்பெனியை மாற்றுவதையே டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டு உங்கள் சீட்டு ஆகாது.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். அருகில் உள்ள மலிவு விலை மருந்தகங்களின் முகவரியையும் நேரத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். நம் பகுதி டாக்டர்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் பணிவான ஒரு கடிதம் எழுதுவோம்: மூலப் பெயரில், தெளிவான எழுத்தில், நாள் கணக்கோடு எழுதித் தாருங்கள் என்று. குற்றச்சாட்டு வேண்டாம், வேண்டுகோள் போதும். நம் டாக்டர் செய்து காட்டிவிட்டார், மற்றவர்களும் செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 முதல் 12 வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். உங்கள் சீட்டுகளையும் பில்களையும் அட்டைகளையும் கொண்டுவாருங்கள். தாள் எழுதிக் கூட்டிப் போடுவதற்கு உதவுகிறேன். மருத்துவம் சொல்ல மாட்டேன், கணக்கு மட்டும்தான். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் தருகிறேன். அதை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள்.